பிளாட்பாரம் வரைக்கும்

ரயில் வராத பிளாட்பாரத்தின் மேல் ஏறி, வலது காலை முன்னால் நீட்டி வைத்து, குனிந்து கட்டை விரலைத் தொட முயன்றுகொண்டிருந்தார் எங்கள் சங்கத் தலைவர் தங்கராசு. தொப்பை சம்மதிக்கவில்லை. அவரைச் சுற்றி நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி நீல பனியன் போட்டுக்கொண்டு நின்றோம். முதுகில் "நடந்தால் நலம்" என்று அச்சடித்திருந்தது. எனக்கு வந்த பனியன் இரண்டு சுற்று சின்னது என்பதால் நான் நடப்பது இருக்கட்டும், மூச்சு விடுவதே நலமாக இல்லை.

ஊஞ்சக்காட்டில் பழைய ரயில் பாதையை நடைபாதையாக மாற்றித் திறந்து வைத்த காலை அது. துணிப்பந்தல், முளைகட்டிய பயறு, நெல்லிக்காய்ச் சாறு. சாற்றைக் குடித்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே "அருமை" என்றார்கள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பால் கேன்களோடு ஊர்ப் பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி வாயில் அடித்துக்கொண்டாள். என் கணவரின் அண்ணன் மனைவி பாவாயி அக்கா மட்டும் கேனை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"சாமி, கீழ எறங்குங்க. உங்களுக்கு இன்னும் நேரமிருக்குது."

ரிப்பன் வெட்டுகிற நேரத்தைச் சொல்கிறார் என்று நினைத்த தங்கராசு, "ஆமாங்க, சீஃப் கெஸ்ட் இப்பத்தான் கொண்டலாம்பட்டி தாண்டியிருக்காரு" என்றார்.

அவர் கால் வைத்திருந்த இடம், ஊஞ்சக்காட்டில் பாடையை இறக்கி வைக்கிற இடம். அங்கே படுத்தவர் எவரும் அதுவரை எழுந்ததில்லை. அங்கே உடம்பை முறுக்கி, உற்சாகமாக இறங்கி வந்த முதல் ஆள் தங்கராசுதான்.

இன்றைக்கு அந்தப் பாதைக்குப் போனால் வாசலில் அறுத்த இரும்புக் குழாய்களின் அடிக்கட்டைகள் வரிசையாகத் தெரியும். பார்த்து நடக்காவிட்டால் கால் தடுக்கும். அங்கே கேட் ஏன் இருந்தது, ஏன் இல்லாமல் போனது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

நடப்பதற்கு ஒரு கார்

நான் டெலிபோன் ஆபீசில் ஒரே நாற்காலியைத் தேய்த்து ஓய்வு பெற்றவள். "இனிமேலாவது நடங்கம்மா" என்று டாக்டர் சொன்னார். எங்கே நடப்பது என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் இருப்பது அஸ்தம்பட்டியில். ஏற்காடு ரோட்டில் இறங்கினால் டூவீலர்காரர்கள் நம்மை நடக்க விடமாட்டார்கள், ஓடத்தான் விடுவார்கள். பார்க்குக்குப் போனால் அங்கே கால்களைவிட வாய்கள்தான் அதிகம் நடந்தன.

அந்த வாய்களிலிருந்து பிறந்ததுதான் எங்கள் புலரி நடையர் சங்கம். தலைவராக வந்தவர் தங்கராசு. சொந்த ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். ரிக் வண்டி வைத்து வடக்கே ஊர் ஊராகப் போர்க்கிணறு போட்டுச் சம்பாதித்தவர். பூமிக்குள்ளே ஆயிரம் அடி இறங்கத் தெரிந்த மனிதருக்கு, பூமிக்கு மேலே நாலு தெரு நடந்தால் மூச்சு வாங்கியது. சர்க்கரை. ஆனால் நல்ல மனிதர். மைக்கைக் கையில் கொடுக்காதவரை மிக நல்ல மனிதர்.

வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மகள் ஒருநாள் வீடியோ அனுப்பினாள். அங்கே கைவிட்ட ரயில் பாதையில் ஜனங்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், நாயோடு நடக்கிறார்கள், மரங்கள் வேறு. தங்கராசு மூன்று நாள் தூங்கவில்லை. நாலாவது நாள் ஊஞ்சக்காட்டுப் பாதையைக் கண்டுபிடித்தார். "கண்டுபிடித்தார்" என்றுதான் அழைப்பிதழிலும் போட்டிருந்தது. அங்கே ஊர் ஒன்று இருப்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

மேலிடத்தில் யார் யாரிடமோ பேசி அனுமதி வாங்கிவிட்டார். அப்புறம் என்ன? அஸ்தம்பட்டியிலிருந்து நாங்கள் ஏழெட்டுக் கார்களில் இளம்பிள்ளை ரோட்டில் போய், காரை நிறுத்தி, நடந்து, மறுபடி காரில் ஏறி, வழியில் நெய் ரோஸ்ட் தின்று, வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஆரோக்கியம் ஒரு முழுநாள் வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

வந்த ரயிலும் போன ரயிலும்

வெள்ளைக்காரன் காலத்தில் மலையடிவாரத்துக் கல்லை ஏற்றிப்போவதற்காகப் போட்ட கிளைப் பாதை அது. அப்புறம் போனால் போகிறது என்று இரண்டு பெட்டியில் மனிதர்களையும் ஏற்றினார்கள். கல்யாணமாகி நான் ஊஞ்சக்காட்டுக்கு வந்தது அந்த ரயிலில்தான். ஜன்னல் வழியாகக் கரித்தூளும், ஜவ்வரிசி ஆலைக்குக் குவித்திருந்த மரவள்ளிக் கிழங்கின் புளித்த வாடையும் சேர்ந்து வந்தன. பட்டுப்புடவையில் அந்த வாடை ஒரு வாரம் இருந்தது.

வேகத்தைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். வழியில் புளி உலுக்கிக்கொண்டிருந்த ஒருவர் ரயிலைப் பார்த்து, மரத்தை விட்டு இறங்கி, சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து ஏறினார். என் கணவர் அவரைப் பார்த்து "வாங்க சித்தப்பா" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். மாமனார் வீட்டு உறவில் நான் முதலில் கும்பிட்டது அந்தச் சித்தப்பாவைத்தான்.

பிறகு நட்டம் என்று ரயிலை நிறுத்தினார்கள். தண்டவாளத்தை அவர்களே கழற்றிப் போனார்கள். மிச்சத்தை ஊர் பொறுப்பேற்றுக்கொண்டது. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த கட்டைகள் மாட்டுக் கொட்டகைகளுக்குப் போயின. ஜல்லி வீடுகளின் அஸ்திவாரத்துக்குப் போனது. ரயில்வே ஜல்லி இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள் என்று கேள்வி. கடைசியில் மண்மேடும், இரண்டு பக்கமும் வேப்ப மரங்களும், இடுப்பு உயரப் பிளாட்பாரமும், ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகையும் மிஞ்சின. அந்தப் பலகையில் வெள்ளாடுகள் முதுகு சொரிந்துகொண்டன.

பாதி வழி

சுடுகாடு ஏரிக்கு அந்தப் பக்கம். முன்பு அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று வளவு என்று சொல்கிற எங்கள் குடியிருப்புக்காரர்களுடையது, இன்னொன்று தெற்குத் தெருக்காரர்களுடையது. உயிரோடு இருக்கும்போது பிரிந்து நடந்தது போதாதென்று செத்த பிறகும் ஒருவர் வழியில் ஒருவர் போகக்கூடாது. அவ்வளவு நாகரிகம்.

அந்த இரண்டு வழிகளையும் ஒருசேர ஒழித்த பெருமை மனை வியாபாரிகளுக்குச் சேரும். விளைகிற காடுகளை வாங்கி, கலர்க் கொடி நட்டு, பெரிய பெரிய நகர்கள் ஆக்கிவிட்டார்கள். செத்தவர்கள் மனை வாங்குவதில்லை. அதனால் அவர்கள் வழி என்ன ஆனது என்று யாரும் விசாரிக்கவில்லை.

மிஞ்சியது ரயில் மேடு. அதற்கு ஊரில் யாரிடமும் பட்டா இல்லை. அதனால் யாரும் யாரையும் நிறுத்த முடியவில்லை. எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் அந்த மேட்டில்தான் போனார்கள். பெரியவர்கள் பல காலம் மேடை போட்டுப் பேசியும் நடக்காத காரியத்தை, மூடிப்போன ஒரு ரயில் சத்தமில்லாமல் நடத்திவிட்டது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பாதி வழியில் பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றி வைத்து, அப்புறம் தூக்குவார்கள். அதுவரை வீட்டைப் பார்த்துப் போனவர், அதற்கு மேல் சுடுகாட்டைப் பார்த்துப் போகவேண்டும். ரயில் மேட்டில் சரியாகப் பாதி வழியில் பிளாட்பாரம் இருந்தது. தூக்கி வந்தவர்கள் குனியவேண்டியதில்லை. தோளிலிருந்து அப்படியே இறக்கலாம்.

அந்த இடம்தான் பெண்களுக்கு எல்லை. மூன்று சுற்று சுற்றி, வாய்க்கரிசி போட்டு, கடைசியாக முகம் பார்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிடவேண்டும். என் மாமியார் முகத்தை நான் அங்கேதான் கடைசியாகப் பார்த்தேன். மேலே வேப்பம்பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. அவர் கன்னத்தில் இரண்டு பூக்கள் ஒட்டியிருந்தன. யாரும் தட்டிவிடவில்லை. எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனாலும் அந்தப் பூவைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

பால் சொசைட்டியில் சமாதானம்

பாதை இனி நடப்பவர்களுக்கு மட்டும் என்று திறப்பு விழாவில் அறிவித்ததால், மறுவாரம் ஊர்க்காரர்கள் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். இடம் பால் சொசைட்டி. தங்கராசு பழக்கூடையோடு வந்தார். இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவள் என்று என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். நடுவில் உட்கார்ந்தவளுக்கு இரண்டு பக்கமும் இடி.

"ஏனுங்க, ஆரோக்கியத்துக்குத்தானுங்களே செய்யறோம்? நீங்களும் வந்து நடங்க. காலையில நடந்தா அவ்வளவு நல்லதுங்க" என்று ஆரம்பித்தார் தங்கராசு.

"நடக்காமயா இந்தப் பாலு இங்க வந்து சேந்துது?" என்றார் பாவாயி அக்கா.

பெண்கள் சிரித்தார்கள். தங்கராசுவும் சிரித்தார். ரிக் தொழிலில் இருந்தவர், பாறை வந்தால் பதறமாட்டார். வேறு பக்கம் துளைத்தார்.

"உங்க சங்கடம் எனக்குப் புரியுதுங்க. எழவுன்னா அந்தப் பக்கம் போறீங்க. இனி அந்தச் சிரமமே வேண்டாம். சங்கத்து செலவுல ஏசி வண்டி ஏற்பாடு பண்ணிக் குடுக்கறோம். மெயின் ரோட்டுல சுத்திப் போனாக்கூட அஞ்சே நிமிசம்."

"அவசரம் ஆருக்குங்க?" என்று கேட்டார் பாவாயி அக்கா. "அஞ்சு நிமிசத்துல போயிச் சேந்து அவிய என்ன சோலி பாக்கப் போறாங்க?"

ஊரின் முன்னாள் தலைவர் குழந்தைவேலு, "அக்கா, செத்த சும்மா இருங்க, நாங்க பேசறோம்" என்றார்.

"நீங்க பேசுவீங்க குழந்தவேலு. உங்களுக்கென்ன, வண்டி போனா பின்னாலயே வண்டியில போயிருவீங்க. எங்களுக்கு ஊட்டு வாசல்லயே முடிஞ்சு போயிரும்."

அப்புறம் அவர் தங்கராசுவைப் பார்த்துத் திரும்பினார். குரல் ஏறவில்லை.

"எங்க ஊட்டுக்காரரு படுத்த படுக்கையாக் கெடக்கறாருங்க. டாக்டரு கைய விரிச்சுப்போட்டாரு. நாப்பது வருசம் காட்டுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் ரெண்டு பேருந்தான் போனோம். கடைசியா பிளாட்பாரம் வரைக்குமாச்சும் கூடப் போலாம்னு இருந்தேன். அதுவும் ஆகாதுன்னா, நான் எதுவரைக்கும் போலாம்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

 படுத்திருந்தவர் அர்த்தனாரி மாமா. என் கணவரின் அண்ணன். மைக் இல்லாத தங்கராசு தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், கமிட்டியில் வைத்துப் பரிசீலிப்பதாகச் சொன்னார். பரிசீலனை என்பது இல்லை என்று சொல்லத் தைரியம் இல்லாதவர்களின் சொல். அதை நான் டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் சொல்லியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

போர் பைப் கேட்

கமிட்டி பரிசீலித்தது. எதை என்று கேட்காதீர்கள். ஆடு வருகிறது, மாடு வருகிறது, பையன்கள் பைக்கில் வருகிறார்கள், மக்காச்சோளம் காயப்போடுகிறார்கள் என்று ஒவ்வொருவராக எழுந்து புலம்பினார்கள். ஒரு ஆடிட்டர், வாத்து வந்ததாகச் சொன்னார். பாடை வருவதைப் பற்றி நான் பேசியபோது, "அது எப்பவோ ஒரு நாள்தானே மேடம்" என்றார்கள். எல்லோருக்கும் எப்பவோ ஒரு நாள்தான். அதைச் சொன்னால் அபசகுனம் என்றார்கள்.

தீர்மானம் ஒன்றுதான். இரண்டு பக்கமும் கம்பி வேலி, வாசலில் கேட்.

கேட் என்றால் திறந்து மூடுகிற கேட் இல்லை. குழாய்களை நட்டு, ஒரு ஆள் இடமும் வலமும் வளைந்து வளைந்து நுழைகிற மாதிரி ஒரு அமைப்பு. பைக் நுழையாது, மாடு நுழையாது. எங்கள் பொருளாளரே பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைந்தார். வேறு யாராவது செய்திருந்தால் கடையில் விற்கிற சாதாரணக் குழாயைப் போட்டிருப்பார்கள். தங்கராசு தன் ஷெட்டில் கிடந்த போர் பைப்பைக் கொண்டுவந்தார். பாறையைக் குடைந்து இறங்குகிற ராடு. அதை ஆளுயரக் குழி தோண்டி, கான்கிரீட் போட்டு நிறுத்தினார்.

"யானை வந்து இடிச்சாலும் அசையாதுங்க" என்றார் பெருமையாக. ஊஞ்சக்காட்டுக்கு யானை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பிளாட்பாரத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, "யோகா மேடை" என்று பலகை வைத்தார்கள். அதில் ஒரே ஒருவர் சவாசனம் செய்தார். ஊர்ப் பெண்கள் அவரைப் பார்த்த பார்வையில் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

அன்று மாலை

தை மாதம் என்று நினைவு. அர்த்தனாரி மாமா காலையில் கஞ்சி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டார்.

ஏசி வண்டி வேண்டாம் என்று பாவாயி அக்கா சொல்லிவிட்டார். சாயங்காலம் பறையோடு பாடை கிளம்பியது. ரயில் மேடு வந்ததும் நின்றது. போர் பைப்பின் முன்னால் பறைகூட வாயடைத்துப் போனது. பையன்கள் கடப்பாரையால் இரண்டு போடு போட்டார்கள். கடப்பாரைதான் வளைந்தது. தங்கராசுவின் வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது.

குழந்தைவேலு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இக்கட்டாலயே, கேட்டுக்கு இந்தப் பக்கமே எறக்கித் திருப்பிப் போட்டுக்கலாம். சாமி கோவிச்சுக்காது. அப்பறம் ரோட்டு வழியாச் சுத்திக்கலாம்."

 பாவாயி அக்கா வாய்க்கரிசியை முடிந்துவைத்திருந்த முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குழாய்களுக்கு நடுவே வலது பக்கம் ஒரு வளைவு, இடது பக்கம் ஒரு வளைவு என்று நுழைந்து உள்ளே போனார். நேராக நடந்து பிளாட்பாரத்துக்குப் போய் அதன் பக்கத்தில் நின்றுகொண்டார். அழவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. நாங்கள் பெண்கள் ஒவ்வொருத்தியாக அவர் பின்னால் நுழைந்தோம். அரிசி அவர் முந்தானையில் இருந்தது. அது இல்லாமல் பாடை எங்கேயும் போக முடியாது.

இந்தப் பக்கம் அரிசி, அந்தப் பக்கம் மாமா, நடுவில் ஆரோக்கியம்.

தை மாதப் பனிக்குப் பயந்து மாலைக்கு மாற்றியிருந்த சங்கத்தின் நடை அப்போது பாதையின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. வெள்ளை ஷூ, நீல பனியன், காதில் பாட்டு. முன்னால் தங்கராசு. பிளாட்பாரத்தருகே நின்ற பாவாயி அக்காவைப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே நின்ற பாடையைப் பார்த்தார். அப்புறம் தன் குழாய்களைப் பார்த்தார்.  அவர் ஓடினார். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அவர் ஓடிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"தூக்குங்க!" என்று கத்தினார். "தலைக்கு மேல தூக்கி இக்கட்டால குடுங்க. நாங்க வாங்கிக்கறோம்!"

வெளியே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உள்ளே இருந்தவர்கள் காதிலிருந்து பாட்டைப் பிடுங்கினார்கள். பாடை குழாய்களுக்கு மேலே எழுந்தது. பூ உதிர்ந்தது. உள்ளே நீண்ட கைகளில் ஆடிட்டர் கை இருந்தது, பொருளாளர் கை இருந்தது, சவாசனக்காரர் கையும் இருந்தது. எந்தத் தெரு, எந்த வளவு என்று கேட்க யாருக்கும் நேரம் இல்லை. தங்கராசு முன்பக்கத்து வலது தோளைக் கொடுத்தார். மூச்சு வாங்கியது, ஆனால் இறக்கவில்லை.

பிளாட்பாரத்தில் பாடையை வைத்தபோது, நடக்கிற அடிகளை எண்ணும் அவர் கைக்கடிகாரம் கிணுகிணுவென்று சத்தம் போட்டு, இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள் என்று பாராட்டியது. அவர் அதைக் கழற்றிப் பைக்குள் திணித்தார். நல்லவேளை, அவர் அதைத் திணித்த வேகத்தைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

தலைமாடு கால்மாடு மாற்றினார்கள். நாங்கள் மூன்று சுற்று வந்தோம். பாவாயி அக்கா முந்தானையை அவிழ்த்து அரிசி போட்டார். மாமாவின் கன்னத்தை உள்ளங்கையால் ஒரு தரம் தடவினார். சவரம் செய்த முகம். "நல்லா வழிச்சு உட்ருக்காங்க" என்றார் என்னிடம், ஏதோ கல்யாணத்துக்குக் கிளப்பியவரைப் போல. அதற்குப் பிறகுதான் அழுதார். என்னால் அவரைப் பிடிக்க முடியவில்லை, நானும் அழுதுகொண்டிருந்தேன்.

ஆண்கள் பாடையைத் தூக்கி, கேட் இல்லாத ஏரிக் கோடியைப் பார்த்து நடந்தார்கள். நாங்கள் திரும்ப வேண்டும். திரும்பிய பாவாயி அக்காவுக்கு எதிரே தங்கராசு நின்றார். நீல பனியனில் சாமந்தி இதழ்கள் ஒட்டியிருந்தன.  

பாவாயி அக்கா அவர் தோளிலிருந்து ஒரு இதழைத் தட்டிவிட்டார்.

"அந்தக் கொழாய அறுத்து உட்ருங்க சாமி. நானும் இந்த வழியாத்தான் வரோணும்."